எண்ணெய் பற்றும் முன்னே அணையும் அடுப்பு வேண்டும்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் வீட்டு கேஸ் அடுப்புக்குத் தரம் வகுக்கும் குழுவினருக்கு வணக்கம்.

போன மாசியில் ஒரு மதியம், அம்மா அப்பளம் பொரிக்க வடச்சட்டியில் எண்ணெயைக் காயவைத்தார். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். எட்டிப் பார்க்கப் போனவர் பேச்சில் நின்றுவிட்டார். திரும்பி வந்தபோது சட்டிக்குள் எண்ணெயே எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தண்ணீர்க் குடம். அம்மா சொம்பை முக்கி எடுத்துவிட்டார். கூடவே வந்த எதிர்வீட்டு அக்காதான் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். அடுப்பை அணைத்துவிட்டு, இட்லிப் பானை மூடியைப் பக்கவாட்டில் தள்ளிச் சட்டியை மூடினார். மேல் அலமாரியின் அடிப்பலகை கரிந்ததோடு போயிற்று.

அந்தச் சொம்புத் தண்ணீர் சட்டியில் விழுந்திருந்தால், எண்ணெய்க்கு அடியில் போய் நொடியில் ஆவியாகியிருக்கும். தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். எரிகிற எண்ணெயைக் கூரை வரைக்கும் தூக்கி வீச அது போதும். அம்மா நாற்பது வருடமாகச் சமைக்கிறார். இதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

கேஸ் கசிவுக்கு நம் நாட்டில் ஏற்பாடுகள் இருக்கின்றன. மூக்கில் ஏறும்படி வாடை சேர்க்கிறார்கள், 1906 என்ற எண் இருக்கிறது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆரஞ்சு நிற டியூபை மாற்றச் சொல்கிறார்கள். மறந்துபோன எண்ணெய்ச் சட்டிக்கு இப்படி ஒன்றும் கிடையாது. புகை அலாரம் மாட்டலாம் என்றால், நம் வீட்டில் மிளகாய் தாளித்தாலே அது அலறும். நாலு நாளில் கழற்றிப் போட்டுவிடுவார்கள்.

ஆகவே தடுப்பு அடுப்பிலேயே இருக்க வேண்டும். ஜப்பான் இதைச் செய்துவிட்டது. 2008 அக்டோபர் முதல் அங்கே வீட்டு கேஸ் அடுப்புக்கு இரண்டு பாதுகாப்புகள் கட்டாயம். ஒன்று, பர்னரின் நடுவில் ஸ்பிரிங் வைத்த குமிழ் போன்ற சென்சார். பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். சூடு சுமார் 250 டிகிரியைத் தொட்டால் தீயைக் குறைக்கும் அல்லது அணைத்துவிடும். சமையல் எண்ணெய் தானாகப் பற்றுவது 360, 370 டிகிரியில். இன்னொன்று, பால் பொங்கித் தீ அணைந்தால் கேஸையும் நிறுத்தும் வால்வு. தீ பக்கத்தில் ஒரு சின்னக் கம்பி; அது சூடாக இருக்கும்வரைதான் வால்வு திறந்திருக்கும். நம்முடைய சாதாரண இரண்டு பர்னர் அடுப்பில் பால் பொங்கி அணைந்தால் கேஸ் பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தேங்கும்.

நம் சமையலுக்கு இது ஒத்துவருமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மசாலா வறுக்கும்போது, வெறும் கல் காயும்போது சூடு அந்த அளவைத் தாண்டலாம். அதற்காகவே ஜப்பான் அடுப்புகளில் அளவைக் கொஞ்ச நேரம் உயர்த்தித் தரும் பட்டன் வைக்கிறார்கள். குழிந்த வடச்சட்டி, மண்சட்டி, அடி கனத்த உருளி இவற்றிலெல்லாம் சென்சார் சரியாகச் சூட்டை அறிகிறதா என்று நம் ஆய்வகங்களில்தான் சோதிக்க வேண்டும். அதைச் செய்யும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

சம்பவத்துக்கு அப்புறம் அம்மாவுக்குப் புது அடுப்பு வாங்கக் கடை ஏறினேன். கண்ணாடி மேல்தட்டு, பித்தளை பர்னர், தானாகப் பற்றவைக்கும் வசதி என்று காட்டிக்கொண்டே போனார்கள். “தானாக அணையுமா?” என்று கேட்டேன். சமையல் மேடையில் பதிக்கும் ‘ஹாப்’ என்ற விலை கூடிய அடுப்பு ஒன்றைக் காட்டினார்கள். தீ போனால் கேஸ் நிற்குமாம், அவ்வளவுதான். எண்ணெய் காய்வதை அதுவும் அறியாது.

உங்கள் ஐஎஸ் 4246 தரம், எரிவாயு வீணாகாமல் இருக்க அடுப்புக்குக் குறைந்தது 68 சதவீத வெப்பத்திறன் கேட்கிறது. அதே தரத்தில் இன்னும் இரண்டு வரி கேட்கிறேன். எல்லா பர்னருக்கும் தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் வால்வு; ஒவ்வொரு அடுப்பிலும் ஒரு பர்னருக்காவது சூடு அறியும் சென்சார். விலை ஏறும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். இரண்டு மூன்று வருடம் அவகாசம் கொடுங்கள், ஆனால் தேதியைக் குறித்துவிடுங்கள். அடுத்த திருத்த வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கும்போது அதில் இந்த இரண்டு வரியையும் தேடுவேன்.