இரத்தத்தில் எவ்வளவு நின்றது?

திருகோணமலை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகன்,

இங்கு நாங்கள் சுகம். அப்பாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது. வாடை தொடங்கிக் கடல் அடிக்கிறது, மீன் விலையைச் சொல்லத் தேவையில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

போன மாதம் உன் கான்சர் மருந்தைப் பற்றி "செல்லில வேலை செய்யுது அம்மா, எலியில செய்யேல்ல" என்றாய். பிறகு சத்தமே இல்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் நாலு கிழமையாய் யோசிக்கிறேன்.

எலியில் கட்டி வளர்ந்ததென்றால், ஒன்றில் மருந்து போய்ச் சேரவில்லை, இல்லாவிட்டால் சேர்ந்தும் பயனில்லை. இரண்டையும் ஒன்றாய்க் கட்டி எறிந்துவிடாதே. முதலில் எலியின் இரத்தப் பிளாஸ்மாவில் மருந்து எவ்வளவு நிற்கிறதென்று அளந்து எடு. மொத்தமாய் 1000 நானோமோலர் இருக்கிறதென்று ஆறுதல்படாதே. அதில் 99 வீதம் புரதத்தில் ஒட்டிக் கிடந்தால் சும்மா திரிவது 10 தான். உன் ஐசி50, அதுதான் மருந்தின் வேலை பாதியளவு நடக்கத் தேவையான அளவு, 20 என்றால் இந்த 10 அந்தப் பாதி வேலைக்கும் காணாது. செல் தட்டில் 10 வீதச் சீரம்தானே விடுகிறாய், ஒட்டிக்கொள்ளப் புரதம் குறைவு, அங்கே இந்தக் குறை தெரியாது.

பிறகு கட்டியிலேயே பார். மருந்து கொடுத்து 2, 8, 24 மணித்தியாலங்களில் கட்டியை எடுத்து, உன் மருந்து அடக்கவேண்டிய பொஸ்பேற் ஏறிய புரதம் குறைந்ததா என்று, புரதத்தைக் காட்டும் வெஸ்டர்ன் புளொட் சோதனையை ஓட்டு. நாள் முழுக்கக் குறைந்து கிடந்தும் கட்டி வளர்ந்தால் இலக்கே பிழை, மனதைத் திடப்படுத்திக்கொண்டு விட்டுவிடு. குறையவே இல்லையென்றால் தோற்றது மூலக்கூறு மட்டும்தான்.

மூலக்கூறைத் திருத்தலாம், மகன். இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் இமற்றினிப்பைப் பார். வளையத்தில் ஒரு மெதைல் ஏறியதும் புரதக் கைனேஸ் சி என்ற வேண்டாத நொதியை அது தொடாமல் விட்டது. கரையாத குறைக்கு மெதைல்பைப்பரசீன் சேர்த்தார்கள். அதையும் வளையத்தில் நேரே ஒட்டவில்லை, அனிலீன் துண்டு மரபணுவைக் கெடுக்குமென்ற பயத்தில் நடுவில் ஒரு காபனை வைத்தார்கள். அப்படித்தான் 2001 இல் அனுமதி வாங்கியது. காம்ப்டொதெசின் மரத்திலிருந்து 1966 இல் பிரித்த கான்சர் எதிர்ப்புப் பொருள். கரையவில்லையென்று லாக்டோன் வளையத்தைத் திறந்து சோடியம் உப்பாய் ஏற்றினார்கள், வீரியமும் போய் மூத்திரப்பையும் புண்ணாகிக் கைவிட்டார்கள். வளையத்தைக் காத்துக் கரைய வைத்த டொபோடெக்கனும் இரினோடெக்கனும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1996 இல். முப்பது வருஷம்.

இன்னொன்று. கடைசிப் படி பல்லேடியம் போட்டுச் செய்யும் சுசுக்கித் தாக்கமா? அப்படியென்றால் பல்லேடியம் மிச்சம் நிற்கும், செல்லைக் கொன்றது உன் மூலக்கூறா உலோகமா என்று சொல்ல ஏலாது. உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் தயோல் சிலிக்காவில் விட்டெடுத்துத் திரும்பச் சோதி. பிளாஸ்மாவையும் மறக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் ஆய்வேட்டில் ஒரு படிக்கு விளைச்சல் 12 வீதம் என்று ஒளிக்காமல் எழுதியிருந்தாய். பட்டத்தை விட அந்த வரிதான் எனக்குப் பெருமை. அப்படி எழுதின பிள்ளை இப்போது அம்மாவுக்கு ஏன் ஒளிக்கவேணும்?

ஏனென்று எனக்குத் தெரியும். பத்திரகாளி கோயிலில் ஆட்களைக் கூட்டிவைத்து, என் மகன் கான்சருக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டான் என்று சொன்னது நான். பின்வளவு மாமி மகளின் பைலைக் கொண்டுவந்து "தம்பியின்ர மருந்து எப்ப வரும்" என்று கேட்டா. ஆய்வுகூடத்திலிருந்து கடைக்கு வரப் பத்து வருஷத்துக்கு மேல் போகும், மனிதரில் சோதிப்பவற்றிலும் பெரும்பாலானவை வராது. இரசாயனம் படிப்பித்த எனக்கு இது தெரியாதா? தெரிந்தும் "கொஞ்ச நாளில வரும்" என்றேன். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். என் வாய்க்குப் பயந்து நீ தோல்வியைச் சொல்லாமல் இருக்கிறாய். பிழை என்னுடையது.

நேற்று மாமி வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவ ஒன்றும் பேசவில்லை, தேத்தண்ணி ஊற்றித் தந்தா. மகளுக்கு டொக்டர் எழுதின மருந்தை ஒரு நாளும் நிறுத்த வேண்டாமென்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இனி உன்னிடம் யாரும் திகதி கேட்கமாட்டார்கள். நீண்ட கடிதம் வேண்டாம். இரத்தத்தில் எவ்வளவு நின்றது, அந்த எண்ணை மட்டும் எழுது.

அம்மா