வாய் திறக்காத அமைப்புக் கோப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாட்டுக் கோப்புகளை மியூசிக்பிரெய்ன்ஸ் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, பெயர், கலைஞர், ஆண்டு எல்லாம் திருத்தி அடுக்கித்தரும் இலவச நிரல் 'பீட்ஸ்'. அதன் திறமையில் குறையில்லை. தொல்லை தருவது, நிரல் எப்படி நடக்க வேண்டும் என்று பயனர் எழுதிவைக்கும் அமைப்புக் கோப்புதான். அதில் பிழை இருந்தாலும் பல நேரம் நிரல் வாய் திறப்பதில்லை.

அக்கோப்பு, உள்தள்ளலால் பகுதிகளைப் பிரிக்கும் 'யாமல்' என்ற உரை வடிவில் இருக்கும். உள்தள்ளலுக்கு டேப் விசையைத் தட்டினால் உடனே பிழைச்செய்தி வரும், அது நல்லது. ஆனால் பாட்டுகளைச் சேர்ப்பதற்கான 'இம்போர்ட்' பகுதியை மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை எழுதிவிட்டால் கீழே உள்ளது மட்டுமே செல்லும். மேலே எழுதியவை சத்தமில்லாமல் போய்விடும். அமைப்பின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் அதே கதி. பாட்டுகளை நூலகக் கோப்புறைக்கு நகலெடுக்கும் 'காப்பி' வேண்டாம் என்று எழுத நினைத்து அந்தச் சொல்லைத் தவறாக அடித்தால், இயல்பான 'யெஸ்' அப்படியே நீடிக்கும்; வட்டில் ஒவ்வொரு பாட்டும் இரண்டாகும்.

பிளகின் எனப்படும் துணை நிரலின் பெயரை அமைப்புக் கோப்பின் பட்டியலில் சேர்த்தால் மட்டும் போதாது. ஒலியைக் கேட்டுப் பாட்டை அடையாளம் காணும் 'குரோமா'வுக்குப் பையகூஸ்டிட் தொகுதியும் எஃப்பிகால்க் நிரலும் வேண்டும், ஒலிக் கோப்பை வேறு வடிவுக்கு மாற்றும் 'கன்வர்ட்'டுக்கு எஃப்எஃப்எம்பெக் நிரல். ஒவ்வொரு பைதான் நிரலையும் தனிச் சூழலில் நிறுவும் கருவியான பிப்எக்ஸ் வழியாகப் பீட்ஸை நிறுவியவர்கள், பைதானின் வழக்கமான நிறுவியான வெறும் பிப் கொண்டு தொகுதியைச் சேர்த்தால் அது வேறு சூழலில் போய் உட்கார்ந்துகொள்ளும். 'பிப்எக்ஸ் இன்ஜெக்ட்' கட்டளைதான் சரி. இன்னொன்று: அண்மைப் பதிப்புகளில் மியூசிக்பிரெய்ன்ஸ் தேடலே தனிப் பிளகினாகிவிட்டது. சொந்தப் பட்டியல் வைத்திருப்பவர்கள் அதன் பெயரையும் சேர்க்க வேண்டும். புதுப்பித்த பிறகு எந்த ஆல்பத்துக்கும் பொருத்தம் வரவில்லையா? முதலில் இதைப் பாருங்கள்.

சரிபார்க்க வழி உண்டு. கட்டளை வரியில் 'பீட் கான்ஃபிக்' என்று அடித்தால் நிரல் உண்மையில் எதைப் படித்தது என்று தெரியும். 'மைனஸ் பி' சேர்த்தால் எந்தக் கோப்பு என்றும், 'மைனஸ் டி' சேர்த்தால் இயல்பு மதிப்புகளும் தெரியும். ஏற்றப்பட்ட பிளகின்களை 'பீட் வெர்ஷன்' காட்டும். புதிய அமைப்பைப் பத்துப் பாட்டுகளின் நகலில் மட்டும், தனி நூலகக் கோப்பும் தனிக் கோப்புறையும் கொடுத்துச் சோதியுங்கள். அசல் கோப்புகளில் சோதிப்பது ஆபத்து. 'காப்பி'யையும், கோப்பை இடம்மாற்றும் 'மூவ்'வையும் அணைத்து வைத்தால், பெயர், கலைஞர் போன்ற குறிப்புகள் அசலிலேயே மாற்றி எழுதப்படும்.

இவ்வளவையும் பயனர் தலையில் கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு பிளகினும் தன் அமைப்புகளின் இயல்பு மதிப்புகளை நிரலிலேயே அறிவிக்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. அதோடு ஒப்பிட்டு, தெரியாத பெயர் வந்தால் வரி எண்ணைச் சொல்லி, 'இதையா நினைத்தீர்கள்?' என்று கேட்கலாம். ஒரே பகுதி இருமுறை வந்தால் தொடங்கவே மறுக்கலாம். தேவையான வெளி நிரல் இருக்கிறதா என்பதை இறக்குமதி பாதியில் நிற்கும்போது சொல்லாமல் தொடக்கத்திலேயே சொல்லலாம்.

கோப்புகளை எங்கே, எந்தப் பெயரில் வைப்பது என்று சொல்லும் 'பாத்ஸ்' போன்ற பகுதிகளில் பயனரே பெயர் வைப்பதால் அங்கே இந்தச் சோதனை கூடாது. முடக்கிய பிளகினின் அமைப்புகள் கோப்பில் கிடப்பதும் பிழையல்ல. அதற்கெல்லாம் கூச்சலிட்டால் எச்சரிக்கையை யாரும் படிக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்