போனுக்குள் இருக்கும் வசதியைத் திறந்து கொடுப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவன் நான். பல்லடத்தில் கைப்பேசி விற்பனையும் பழுதுபார்ப்பும் செய்யும் சிறிய கடை வைத்திருப்பதால், கேமராவின் திறன், பேட்டரியின் அளவு, சார்ஜ் ஏறும் வேகம் என்று அந்தப் பக்கம் தரும் தகவல்கள் எனக்குத் தொழிலுக்கும் பயன்படுகின்றன. ஆனால், கையை நினைத்தபடி அசைக்க முடியாத ஒருவர் அதே போனை எப்படிக் கையாளுவார் என்ற கேள்விக்கு அங்கே இடம் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

கொங்கு வட்டாரத்தில் இது யாரோ ஒரு சிலருடைய கேள்வி அன்று. உலோகத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் கோவையின் பிரஸ் பட்டறைகளில் விரல் இழந்தவர்கள், சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக் குடோன்களில் பல்லாண்டு உழைத்துத் தோளும் மணிக்கட்டும் தேய்ந்தவர்கள், பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர்கள், நடுக்குவாதமோ முடக்குவாதமோ உள்ள முதியவர்கள், தசைச்சிதைவு நோயுள்ள பிள்ளைகள் என்று எங்கள் கடைக்கே பலர் வருகிறார்கள். சனிக்கிழமைச் சம்பளமும் உதவித்தொகையும் வங்கிக் கணக்கில் வந்து விழுகிற காலத்தில், கேஸ் பதிவு முதல் மின்கட்டணம் வரை எல்லாமே அந்த ஆறு அங்குலக் கண்ணாடிக்குள் போய்விட்ட பிறகு, அதைத் தொட முடியாதவர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ரகசிய எண்ணைச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

வியப்பு என்னவென்றால், இவர்களுக்குத் தேவையான வசதிகளில் பெரும்பகுதி ஏற்கெனவே போனுக்குள் இருக்கிறது. கை நடுங்கும் வயதான அம்மா ஒருவர் ஒருமுறை கடைக்கு வந்தார். "ஏனுங்க தம்பி, நான் ஒருக்கா தொட்டா இது மூணு தடவை எடுத்துக்குதுங்க" என்றார். டிஸ்ப்ளே போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று வேறொரு கடையில் அவரிடம் சொல்லியிருந்தார்கள். திரையில் ஒரு குறையும் இல்லை; அவருடைய விரல்தான் ஒவ்வோர் எண்ணின் மேலும் துடித்துத் துடித்து விழுந்துகொண்டிருந்தது. அது சாம்சங் போன். அதன் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) 'அணுகல்தன்மை' (ஆக்சசிபிலிட்டி) என்ற பகுதிக்குள் போய், விரல் சற்று நேரம் நிலையாக நின்றால் மட்டுமே தொட்டதாகக் கொள்ள வேண்டும் என்றும், அடுத்தடுத்து விழும் தொடுதல்களைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றும் மாற்றி வைத்தேன். அழைப்பை ஏற்க விரலை இழுக்கும் வேலையை நிறுத்தி, ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்தினாலே போதும் என்று ஆக்கினேன். அங்கேயே நின்று மகளை அழைத்துப் பேசிவிட்டுத்தான் அவர் படியிறங்கினார். வாங்கிய நாளிலிருந்தே அந்த வசதிகள் அந்தப் போனில் இருந்தன. விற்றவருக்கும் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது. கடையில் நிற்கும் கம்பெனிப் பிரதிநிதிகளுக்குப் படமெடுக்கும் முறைகள் அத்தனையும் மனப்பாடம். இந்தப் பகுதியைத் திறந்து பார்த்தவர் அரிது.

வேறு சிலவற்றையும் சொல்ல வேண்டும். இன்றைய தொடுதிரை அழுத்தத்தை அறிவதில்லை. தோல் பட்டதும் திரையின் மின்புலத்தில் உண்டாகும் சிறு மாற்றத்தையே அறிகிறது. ஆதலால் சாதாரண சிலிகான் செயற்கை விரலால் எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. மின்சாரம் கடத்தும் முனையுள்ள பேனாவைப் பட்டையால் உள்ளங்கையில் கட்டிக்கொண்டால் வேலை நடக்கும். ஆண்ட்ராய்டு போன் பெரும்பாலானவற்றில் பிற கருவிகளைப் போனோடு இணைக்க உதவும் ஓ.டி.ஜி. கேபிள் வழியாகச் சாதாரணக் கணினி மவுஸைச் செருகலாம். அம்புக்குறி ஓரிடத்தில் நின்றவுடன் தானே சொடுக்கும்படியும் அமைக்கலாம் என்பதால், பொத்தானை அழுத்த விரல் வராதவர் உள்ளங்கையால் மவுஸை நகர்த்தினாலே போதும். கேபிளும் மவுஸும் சேர்ந்து 500 ரூபாய்க்குள் அடங்கும். ஒரே ஒரு பொத்தானால் முழுப் போனையும் இயக்கும் 'ஸ்விட்ச் ஆக்சஸ்' என்ற வசதியில், புன்னகைப்பதையும் புருவம் உயர்த்துவதையும் வாய் திறப்பதையும்கூடப் பொத்தானாக வைத்துக்கொள்ளலாம். பார்வையாலேயே இயக்கும் வசதி 2024இல் ஐபோனுக்கு வந்துவிட்டது. ஆனால், அந்த விலைக்குப் போன் வாங்கக்கூடியவர்கள் என் வாடிக்கையாளர்களில் மிகச் சிலரே.

கை அறவே இயங்காதவருக்குக் குரல்தான் பெரிய வழி. இங்கேதான் தமிழருக்கு ஒரு குறை. தமிழில் பேசினால் எழுத்தாக்கித் தரும் வசதி கூகுள் விசைப்பலகையில் 2017 முதலே இருக்கிறது. வாட்ஸ்அப் செய்திகளைக் குரலிலேயே எழுதுகிற தறிக்காரர்கள் எங்கள் ஊரில் ஏராளம். ஆனால், போனைத் திற, கீழே நகர்த்து, இதை அழுத்து என்று குரலால் முழுப் போனையும் ஆளும் 'வாய்ஸ் ஆக்சஸ்' செயலிக்கு நான் விற்கும் எந்தப் போனிலும் தமிழில் கட்டளையிட முடிவதில்லை. ஆப்பிளின் குரல் கட்டுப்பாட்டிலும் அப்படியே. பேசுவதை எழுதத் தெரிந்த மென்பொருளுக்குச் சில நூறு கட்டளைகளைத் தமிழில் புரியவைப்பது எட்டாத வேலையாக எனக்குத் தோன்றவில்லை. அதுவரைக்கும் நான் கடைப்பிடிக்கும் வழி ஒன்று உண்டு. 'வாய்ஸ் ஆக்சஸ்' செயலியிடம் ஆங்கிலத்தில் 'ஷோ நம்பர்ஸ்' என்றால் திரையில் அழுத்தக்கூடிய ஒவ்வோர் இடத்திலும் ஓர் எண் தோன்றும். எண்ணைச் சொன்னால் அந்த இடம் அழுத்தப்படும். ஆங்கிலம் படிக்காதவர்களுக்கும் பஸ் நம்பரும் கிரிக்கெட் ஸ்கோரும் ஆங்கிலத்தில்தானே பழக்கம்!

இத்தனையும் செய்துகொடுத்த பிறகு, செயலிகள் காலை வாரிவிடுகின்றன. சில வங்கிச் செயலிகள், இத்தகைய அணுகல்தன்மைச் சேவை ஒன்று இயங்குவதைக் கண்டால் திறக்கவே மறுக்கின்றன. மோசடிக்காரர்கள் இந்தச் சேவைகளுக்குத் தரப்படும் அனுமதியையே பயன்படுத்தித் திரையை வேவு பார்க்கிறார்கள் என்பது அவர்கள் சொல்லும் காரணம், அது பொய்யன்று. ஆயினும், போனின் இயங்குதள நிறுவனமே வழங்கும் சேவை எது, எங்கிருந்தோ இறக்கிய செயலி எது என்று பிரித்தறிய வழியிருக்க, இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கதவடைப்பது சோம்பல் அன்றி வேறில்லை. பணம் அனுப்ப இழுத்துவிட வேண்டிய பட்டை, விரலை எடுக்காமல் கோடு வரைய வேண்டிய பூட்டு, எண்ணை உள்ளிடுவதற்குள் காலாவதியாகும் ஓ.டி.பி. ஆகியவையும் இந்த ரகமே. இழுப்பது இன்றியமையாத இடங்களைத் தவிர, இழுக்கும் செயல்களுக்கு இழுக்காமலே தொட்டு முடிக்கும் மாற்று வழி வேண்டும் என்று 2023 அக்டோபரில் வெளியான உலகளாவிய இணைய அணுகல் வழிகாட்டுநெறிகள் வெளிப்படையாகவே கூறுகின்றன.

சட்டத்துக்கும் பஞ்சமில்லை. அன்றாடப் பயன்பாட்டுக்கான மின்னணுப் பொருள்கள் அனைவருக்கும் ஏற்ற வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. எண்ணிம (டிஜிட்டல்) சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றும் அதே நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று கூறியிருக்கிறது.

சட்டத்துக்கும் போனின் அமைப்புகள் பக்கத்துக்கும் நடுவே, போனைக் கையில் வாங்கி அந்த ஆளுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் ஒருவர் வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் அந்த வேலை இன்று யாருடைய கடமையிலும் இல்லை. கை அறுவை சிகிச்சைக்கும் மறுவாழ்வுப் பயிற்சிக்கும் பெயர்பெற்ற மருத்துவமனைகள் கோவையில் உண்டு. கைக்கு அணியும் பட்டை, உடற்பயிற்சி அட்டவணை ஆகியவற்றோடு நோயாளியின் போனையும் சரிசெய்து அனுப்புவதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாக அவர்களும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளும் கொள்ளலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகங்கள் அடையாள அட்டை முகாம் நடத்தும் நாளில் இதற்கும் ஒரு மேசை போடலாம். எங்களைப் போன்ற கடைக்காரர்களை அழைத்தால் கட்டணமின்றி வர ஆயத்தமாக இருப்பவர்கள் இங்கே உண்டு.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். இனி எந்தப் போனை மதிப்பிட்டாலும், ஒற்றைக் கையால், ஒற்றை விரலால், விரலே இல்லாமல் அதில் என்னென்ன செய்ய முடிகிறது என்று சோதித்து, அதற்கு நான்கு வரி ஒதுக்குங்கள். கேமராவுக்கு ஒதுக்கும் இடத்திலிருந்து அந்த நான்கு வரியை எடுத்துக்கொண்டால் வாசகர் யாரும் குறைப்பட்டுக்கொள்ள மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

இப்படிக்கு,
கைப்பேசிக் கடை வைத்திருக்கும் வாசகர்,
பல்லடம், திருப்பூர் மாவட்டம்.