விந்தணுவும் ஹிஸ்டோனும்: ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டி.என்.ஏ. இழை உட்கருவுக்குள் எப்படி அடங்குகிறது என்பதை விளக்கி, சென்ற வாரம் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். நடை மாணவர்களுக்கு எட்டும்படி இருந்தது. ஆனால், விலங்குகளின் எல்லா செல்களிலும் டி.என்.ஏ. ஹிஸ்டோன் புரதங்களின் மீதே சுற்றப்பட்டிருக்கிறது என்று அதில் வந்த ஒரு வரி பிழையானது. விந்தணுவுக்கு அது பொருந்தாது. மேல்நிலை வகுப்புகளில் விலங்கியல் நடத்திய நானும் பல ஆண்டுகள் அப்படியே சொல்லிக்கொடுத்தவன் என்பதால், இதைச் சுட்டிக்காட்டாமல் இருக்க மனம் வரவில்லை.

உடற்செல்களைப் பொறுத்தவரை கட்டுரை சொன்னது சரி. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த சிறு உருளையை ஏறத்தாழ 147 கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) நீளமுள்ள இழை 1.65 முறை சுற்றிக்கொள்கிறது. கண்டாங்கிச் சேலை நெய்யும் வீடுகளில் ஊடைநூலைத் தாராகச் சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்; வேண்டிய நேரத்தில் நூல் சிக்கலின்றிப் பிரிந்து வரவேண்டும் என்பதற்காகவே தார்க்குச்சியில் சுற்றுகிறார்கள். முட்டையைச் சென்று சேரும்வரை விந்தணுவின் மரபணுக்கள் ஏறக்குறைய உறங்கியே கிடப்பதால், அதற்கு இந்த ஏற்பாடு தேவைப்படுவதில்லை. ஆகவே பல விலங்குகளில் விந்தணு முதிரும்போது ஹிஸ்டோன்கள் விலக, ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் நிறைந்த புரோட்டமின் என்னும் சிறு புரதங்கள் அந்த இடத்துக்கு வருகின்றன. ஆர்ஜினினின் நேர்மின்னூட்டம் டி.என்.ஏ.யிலுள்ள பாஸ்பேட்டுகளின் எதிர்மின்னூட்டத்தைச் சமன்செய்துவிடுவதால், ஒன்றையொன்று விலக்கிக்கொண்டிருந்த இழைகள் நெருங்கிப் படிகின்றன. தார்க்குச்சியே இல்லாமல் இறுக முறுக்கிய நூல் சிட்டம் போல ஆகிவிடுகிறது. கருவுற்றபின் முட்டையிலுள்ள ஹிஸ்டோன்கள் வந்து மறுபடியும் பழைய ஏற்பாட்டை அமைத்துக்கொள்கின்றன.

புரோட்டமின் புதிய செய்தியும் அன்று. ரைன் ஆற்று சால்மன் மீனின் விந்திலிருந்து அதைப் பிரித்தெடுத்து, 1874-இல் ஃபிரீட்ரிஷ் மீஷர் அப்பெயரை வைத்தார். ஹிஸ்டோனை ஆல்பிரெக்ட் கோசல் கண்டறிந்ததே அதற்குப் பத்தாண்டுகள் கழித்துத்தான். நான் தினமும் காலையில் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிக் கலக்கிப் போட்டுக்கொள்ளும் கலங்கலான என்.பி.எச். இன்சுலினில் நடுவிலுள்ள எழுத்து புரோட்டமினைத்தான் குறிக்கிறது. இன்சுலின் உடலில் மெல்லக் கரைவது அந்தப் புரதத்தால்தான்.

இருந்தாலும், இந்தப் புரதங்களைப் பற்றி நமக்கு மிகுதியாகக் கற்றுத்தருபவை மீன்களைவிட மட்டியும் கணவாயும் அடங்கிய மெல்லுடலிகளே என்பது என் கருத்து. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வாழும் ஸ்பிசுலா என்ற மட்டியின் விந்தணுவில் உள்ளது முழுமையான ஹிஸ்டோனும் அன்று, புரோட்டமினும் அன்று. அங்குள்ள புரதத்தின் நடுப்பகுதி, சுற்றுகளுக்கு இடைப்பட்ட இழையைப் பிடித்துக்கொள்ளும் எச்-1 ஹிஸ்டோனைப் போல மடிந்திருக்கிறது. இரு முனைகளும் புரோட்டமினைப் போல நேர்மின்னூட்டம் மிகுந்தவை. மைட்டிலஸ் என்ற மட்டியில் இவ்வகைப் புரதங்கள் பல இருக்கின்றன. கலிஃபோர்னியாக் கரையிலுள்ள மைட்டிலஸில் அவற்றுள் இரண்டு, ஒரே நீண்ட புரதமாக உருவாகிப் பின்னர் வெட்டுப்பட்டுப் பிரிகின்றன. கணவாய்க்கு வந்தால் அசல் புரோட்டமினே இருக்கிறது. எச்-1 ஹிஸ்டோனிலிருந்து இடைநிலைப் புரதங்கள் வழியாகவே புரோட்டமின் உருவானது என்ற கருத்துக்கு இந்த மெல்லுடலிகள் முக்கியமான சான்றுகளாக இருந்தன.

கிளிஞ்சலைச் சுண்ணாம்பாக மட்டுமே அறிந்த ஊர் எங்களுடையது. முட்டை வெண்கரு சேர்த்துத் தேய்த்த அந்தச் சாந்தின் வழவழப்பை வீட்டுச் சுவரில் தொட்டுப் பார்க்காத செட்டிநாட்டுப் பிள்ளைகள் இல்லை. அந்த ஓட்டுக்குள் வாழ்ந்த உயிரைப் பற்றித்தான் வகுப்பில் யாரும் பேசுவதில்லை. ஆண் கணவாயை ஆயும்போது மெல்லிய வெள்ளை நூல் துண்டுகளைப் போன்ற விந்துப் பொதிகள் கையில் வரும். அவற்றை வழித்து எறிந்துவிட்டுக் குழம்புக்கு அரிவோம். நான் ஒருமுறை அதில் ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் உப்புநீர் விட்டு உடைத்து நுண்ணோக்கியில் வைத்தபோது, பிளஸ்-2 மாணவிகள் முறை வைத்துக்கொண்டு மணியடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திருத்தம் வெளியிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். விந்தணு என்றாலே புரோட்டமின்தான் என்று மாற்றி எழுதினால் அதுவும் பிழையாகிவிடும். ஜீப்ரா மீனின் விந்தணு ஹிஸ்டோன்களையே வைத்துக்கொள்கிறது. மனித விந்தணுவிலும் ஹிஸ்டோன் ஒரு சிறு பங்கு மிஞ்சுகிறது. 'உடற்செல்களில் ஹிஸ்டோன், விந்தணுக்களில் ஹிஸ்டோனோ, புரோட்டமினோ, இரண்டுக்கும் இடைப்பட்ட புரதமோ இருக்கலாம்' என்று எழுதினால் சரியாக இருக்கும். தங்கள் அறிவியல் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கும் பழக்கம் எங்கள் பகுதி மாணவர்களிடம் உண்டு. பொதுத் தேர்வுக்கு முன்பே, அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் திருத்தம் வந்தால் அதையும் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
காரைக்குடி.