பழவேற்காடு போய் வந்த கதை

திருவொற்றியூர்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, கோபித்துக்கொள்ளாதே. "பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பாமல் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்னதான்டி செய்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். டீச்சரம்மா அல்லவா, கேட்கத்தான் செய்வாய். பத்தாவதைப் பற்றிக் கவலை வேண்டாம். 14 வயது ஆனதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதிவிடலாம். மற்றபடி என்ன செய்கிறோம் என்பதற்குப் போன செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன்.

எங்களைப் போலவே வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் இன்னும் இரண்டு குடும்பங்களோடு வேன் பிடித்துப் பழவேற்காடு ஏரிக்குப் போனோம். ஆயாவும் (என் மாமியார்தான்) வந்தார். முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து பறவைப் பட்டியல், கேள்வித்தாள் எல்லாம் தயார் செய்திருந்தேன். உன்னோடு பி.எட். படித்த தோஷம், வேறென்ன.

பூநாரைகள் வெகு தூரத்தில் நின்றன. வெறும் கண்ணுக்குத் தண்ணீர்மேல் சுண்ணாம்புக் கோடு இழுத்தது போலத்தான் தெரிந்தது. பைனாகுலரில் பார்த்துவிட்டுக் கதிர், "எங்கேம்மா ரோஸ் கலர்?" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். குஞ்சுகள் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும், பாசியும் பொடி இறாலும் தின்னத் தின்னத்தான் ரோஸ் ஏறும் என்றேன். அதில் அவனுக்கு அக்கறை இல்லை. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துத் தண்ணீரை வடிகட்டும் என்றதுதான் பிடித்துப்போயிற்று. மத்தியானம் அப்படியே ரசம் குடித்துப் பார்த்தான். மூக்கில் ஏறி ஒரே ரகளை.

என் கேள்வித்தாள் பையைவிட்டு வெளியே வரவே இல்லை. மீன் இறக்கும் இடத்துக்குப் போனதும் ஆயாவே டீச்சர் ஆகிவிட்டார். மடவையின் செவுளைத் தூக்கிக் காட்டி, சிவப்பாக இருந்தால் வாங்கு, வெளுத்திருந்தால் நடையைக் கட்டு என்று ஆறு பிள்ளைகளுக்கும் பாடம். அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இறாலைப் பற்றிச் சொன்னார். கடலில் பொரிக்கும் குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்கே திரும்புமாம். முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் எல்லாம் போச்சு என்றார். 'பாடு' என்று அவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். யாழினி அதை நோட்டில் கட்டம் போட்டுப் போட்டுப் பார்த்தாள். பின்னம் என்றாலே ஓடுகிறவள்!

டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கோட்டையில் பார்க்க இப்போது பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. அவர்கள் கல்லறை வாசலில் இருக்கும் எலும்புக்கூடுச் சிலைகளைக் கதிர் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

நான் உனக்குச் சொல்ல வந்தது திரும்பி வரும்போது நடந்தது. பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு தாண்டி எண்ணூர் பாலத்தில் டிராபிக். கீழே கழிமுகத்தில் நாலைந்து இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போடும் ஓலைக் கூடையை, பறி என்பார்கள், பல்லில் கடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். காலையில் ஏரியோரத்திலும் இப்படிக் கையால் இறால் பிடிப்பதைப் பார்த்திருந்தோம். யாழினி சட்டென்று, "அம்மா, இதுவும் அதே மாதிரி இடம்தானே? பத்து நிமிஷத்தில் வந்துவிடலாமே, ஏன் இங்கே ஒருநாளும் கூட்டிவரவில்லை?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை மல்லி. இரண்டையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது, அங்கே ஆரணியாறு என்றால் இங்கே கொசஸ்தலையாறு என்று ஏதோ பூகோளம் பேசிச் சமாளித்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு எண்ணூர் என்றாலே சாம்பலும் நாற்றமும்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து, கூழைக்கடாக்கள் சிறகெல்லாம் கறுத்து நின்றதைப் பார்த்ததிலிருந்து அந்தப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப்போக மனசே வரவில்லை. அழகான தண்ணீரைக் காட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் போகிறேன், வாசலில் இருப்பதை வேன் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தாண்டுகிறேன். பதினோரு வயதுப் பெண் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

சரி, அடுத்த செவ்வாய் எண்ணூருக்குத்தான். கேள்வித்தாள் கிடையாது. கதிருக்கு மட்டும் ஒரு கவலை, அங்கே எலும்புக்கூடு இருக்குமா என்று.

மே லீவில் நீ பிள்ளைகளோடு வா. ஆயா உனக்கென்று இறால் கருவாடு வாங்கிவைத்திருக்கிறார், வீடே மணக்கிறது. யாரிடம் கொடுத்தனுப்பலாம் என்று சீக்கிரம் எழுது.

உன்,
செல்வி