கரிந்த தைலமரத்தில் துளிர்

சிட்னி
23.2.2020

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மழை வந்துவிட்டது அப்பா! மூன்று வருடமாக வானம் பொய்த்துக் கிடந்த மாநிலம் இது. 7-ம் தேதி பிடித்த மழை, நான்கே நாளில் சிட்னியில் 390 மி.மீ. கொட்டித் தீர்த்தது. 42 சதவீதத்துக்கு இறங்கிப்போயிருந்த, சிட்னிக்குக் குடிநீர் தரும் வாரகம்பா அணை ஒரே வாரத்தில் 60-ஐத் தாண்டியது. ராத்திரி முழுக்க ஓட்டில் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விழித்தே கிடந்தேன்.

நேற்று பில்பின் போயிருந்தோம். சிட்னிக்கு மேற்கே, இந்த ஊர் நீலமலைப் (புளூ மவுண்டன்ஸ்) பக்கம் ஆப்பிள் தோட்டம் போட்டிருக்கும் ஊர். கூட வேலை பார்க்கும் அக்காவின் வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் காடுதான். அக்டோபரில் மின்னல் விழுந்து பற்றி, ஐந்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் தின்ற தீ, டிசம்பரில் அங்கேயும் வந்துவிட்டது.

மண்வாசனைக்கு ஆங்கிலத்தில் 'பெட்ரிக்கோர்' என்று பெயர் வைத்தவர்கள் இந்த நாட்டு விஞ்ஞானிகள் இரண்டு பேர், 1964-ல். அந்த வாசனையை நினைத்துக்கொண்டுதான் நடந்தேன். வந்ததென்னவோ நனைந்த கரி வாசனை. வழியெல்லாம் சாம்பல் சேறு. பாங்சியா என்று இந்த நாட்டுச் செடி ஒன்று, கருகி நின்ற அதன் காய்கள் வாய் பிளந்திருந்தன. தீச்சூடு பட்டால்தான் அவற்றில் பல வெடித்து விதையை உதிர்க்குமாம்.

அப்புறம்தான் அந்த மரங்களைப் பார்த்தேன். எல்லாம் தைலமரம். தண்ணீரை உறிஞ்சுகிறது என்று புதுக்கோட்டையில் நீங்கள் திட்டித் தீர்ப்பீர்களே, அந்தச் சாதிதான். இது அதன் சொந்த மண். உச்சிவரை கரி. கிளையில் ஓர் இலை கிடையாது. ஆனால் அடிமரத்திலிருந்தே, கரிந்த பட்டையைப் பிளந்துகொண்டு கொத்துக் கொத்தாகத் துளிர். மாந்தளிர் மாதிரிச் செம்பு நிறம். தடவிப் பார்த்தேன், ஈரமாக, குழந்தையின் காது மாதிரி இருந்தது. கையெல்லாம் கரி. பட்டைக்கு அடியில் ஆழத்தில் மொட்டுகள் உறங்கிக்கொண்டிருக்கும், மேலே இலை போனால் விழித்துக்கொள்ளும் என்று அக்கா சொன்னார். பள்ளத்தில் எங்கேயோ தவளைகள் கத்தின. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கஜா புயலில் சாய்ந்த நம் பலாவின் அடிக்கட்டை இன்னும் கொல்லையில்தானே இருக்கிறது? அதைத் தோண்ட ஆள் விட வேண்டாம் அப்பா. வேர்ப்பக்கம் துளிர் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

அம்மா காலுக்குத் தைலம் தேய்க்கிறாளா?

உங்கள் அன்பு மகள்