9ஆம் தர மாணவிகளின் பெற்றோருக்கு: ஹொக்கியை நிறுத்துவதற்கு முன்

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

செப்டெம்பரில் 9ஆம் தரத்துக்குப் போகும் எங்கள் மாணவிகள் சிலர் ஐஸ் ஹொக்கியை விடப் போகிறார்களாம். ஏன் என்று கேட்டால், "அம்மா இனிப் படிப்பைப் பார்க்கச் சொல்லிவிட்டா" என்கிறார்கள். விடியப்புறம் பயிற்சிக்குப் போய், வியர்வையில் நனைந்த முடி காயாமலே எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஓடி வருகிற பிள்ளைகள் இவர்கள். முடிவெடுக்க முதல், ஹேலி விக்கன்ஹைசர் என்ற பெண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

1978இல் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஷோனவன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். சிறுமியாகப் பையன்களின் அணிகளில்தான் ஆடினார். பெண் என்று யாரும் கண்டுபிடித்துவிடாதபடி, கழிவறைக்குள் ஒளிந்து நின்று முடியைத் தூக்கிச் சொருகிக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். சின்னப் பிள்ளை ஒன்று விளையாட ஆசைப்பட்டதற்காக ஒளிய வேண்டியிருந்தது என்பதை இன்றும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

15 வயதில் கனடிய தேசிய அணிக்கு வந்தார். பெண்கள் ஐஸ் ஹொக்கி ஒலிம்பிக்கில் சேர்ந்ததே 1998இல்தான். அந்த முறை வெள்ளி. அப்புறம் 2002, 2006, 2010, 2014 என்று வரிசையாக நான்கு தங்கம். நடுவில் 2003இல் பின்லாந்துக்குப் போய், ஆண்களின் தொழில்முறை அணியில் ஆடி கோலும் போட்டார். 2017இல் ஓய்வு பெற்றபோது கனடாவுக்காக 276 ஆட்டங்களில் 168 கோல்கள்.

நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது பல்கலைக்கழகக் கதையை. 2010இல் வன்கூவரில் அணித் தலைவியாகத் தங்கம் வென்ற அதே வருடம், கல்கரி பல்கலைக்கழகத்தின் டைனோஸ் பெண்கள் அணியில் சேர்ந்தார். அப்போது வயது 32. தன்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளைய பிள்ளைகளோடு ஒரே உடைமாற்றும் அறையில் ஸ்கேற்ஸ் கட்டினார். பயிற்றுநர் டானியல் கொயெற், முன்பு தேசிய அணியில் அவரோடு ஆடியவர். 2012இல் அந்த அணி கனடியப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான சாம்பியன் பட்டத்தை வென்றது. படிப்பில் விக்கன்ஹைசருக்கு முதலில் உடலியக்கவியலில் இளநிலைப் பட்டம், அடுத்து முதுநிலைப் பட்டம், பிறகு அதே பல்கலைக்கழகத்தில் மருத்துவம். 2021இல் டொக்டரானார்.

டொக்டர் என்றதும் நம்மில் பலருக்கு முகம் மலரும், சரி. எனக்கோ அந்த 32 வயதுதான் பெரிதாகத் தெரிகிறது. உலகம் அறிந்த வீராங்கனை, கையில் மூன்று ஒலிம்பிக் தங்கத்தோடு, இளநிலை வகுப்பில் போய் உட்கார்ந்து படித்தார். தோற்றால் எழும்பி அடுத்த நாளும் பயிற்சிக்குப் போகிற பழக்கம் ஹொக்கி கொடுத்தது. அது படிப்புக்கு இடைஞ்சலாக இருந்திருக்கும் என்று யார் சொல்வார்கள்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது அவர் மருத்துவ மாணவி. சர்வதேச ஒலிம்பிக் குழுவின் வீரர்கள் ஆணையத்திலும் இருந்தார். டோக்கியோ ஒலிம்பிக்கை அப்படியே நடத்துவோம் என்று குழு சொல்லிக்கொண்டிருந்தபோது, அது பொறுப்பற்ற பேச்சு என்று பகிரங்கமாக எழுதினார். ஒரு வாரத்தில் போட்டி ஒத்திவைக்கப்பட்டது.

செலவு எனக்குத் தெரியும். வளர வளர ஸ்கேற்ஸ் மாற்ற வேண்டும், பதிவுக் கட்டணம் வேறு, பனிக்காலத்தில் இருட்டோடு கார் ஓட்ட வேண்டும். பணம்தான் காரணம் என்றால் தயங்காமல் என்னிடம் பேசுங்கள். பழைய உபகரணம் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடம் இருக்கின்றன. நேரம்தான் காரணம் என்றால், அணியின் கால அட்டவணையை ஓகஸ்ட் முடிவதற்குள் அனுப்புங்கள். காலை வகுப்புக்கு வர முடியாதவர்களுக்குப் பின்னேர வகுப்பில் இடம் வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்